பொன்மணியின் நம்பர்

நிறுத்திவிடாதீர்கள் அக்கா. கதை ஓடட்டும். சத்தம் எனக்கு இடைஞ்சல் இல்லை. உங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அதனால் அப்படி நினைத்துவிட்டீர்கள். அடுத்த வரி என்ன வரும், நான் சொல்லட்டுமா? "பொன்மணி கதவைச் சாத்தினாள். சாத்துகிற சத்தம் தனக்கே கேட்காதபடி சாத்தினாள்."

பாருங்கள், வந்ததா?

மனப்பாடம் ஆகிற அளவுக்குக் கேட்டவள் இல்லை நான். ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. படிக்கிற அந்த அம்மா கொஞ்சம் இழுத்து இழுத்துப் படிக்கிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கும். அதை எழுதியது நான்தான்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அதனால் யாரும் சிரித்ததும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுகிற ஆளே இல்லை நான். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கே மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கும் புளியங்குடியில் ஏறி, "திருமங்கலம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஜன்னல் சீட்டில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் மடியில் பொன்மணி பேசிக்கொண்டிருந்தாள்.

உண்மைச் சம்பவம் என்றுதானே போட்டிருக்கிறது என்கிறீர்கள். அப்படித்தான் போடுவார்கள். "வணக்கம் சொந்தங்களே, இது நம்ம நேயர் ஒருத்தங்க எழுதி அனுப்பின உண்மைச் சம்பவம். பேரையும் ஊரையும் மட்டும் மாத்தியிருக்கோம்." எல்லாக் கதைக்கும் இந்த வரிதான். எந்த நேயரும் எழுதி அனுப்புவதில்லை அக்கா. என்னைப் போலச் சிலர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறோம். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இந்தக் கதைச் சேனல் ஜெபராஜ் சார் என்பவருடையது. சேரும்போதே சொல்லிவிட்டார்: "எழுதறது நீதான்னு வெளிய மூச்சு விடக் கூடாதும்மா. கதைன்னு தெரிஞ்சா தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க. நிஜம்னு நினைச்சாத்தான் கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பாங்க."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டாம் என்பதைப் போலச் சுலபமான வேலை எனக்கு வேறு இல்லை.

நான் கணக்குப் பட்டதாரி. நம்ப மாட்டீர்கள். காலேஜில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யார் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், யாருக்குச் செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. கடைசி நாளில் எல்லாரும் கையெழுத்து வாங்கும்போது ஒருத்தி என்னிடம், "நீ எந்த டிப்பார்ட்மென்ட்?" என்றாள். என் வகுப்புதான். அந்தப் பெண்ணை வைத்து ஒரு கதை எழுதினேன். அதுதான் முதல் கதை. பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. நன்றாக இல்லை என்று சொன்னால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் வீட்டில் இருந்தபடியே எழுதிப் பிழைக்கலாம் என்று எங்கேயோ படித்தேன். சேலை விற்கிற இணையதளத்துக்கு எழுதினேன். "மெல்லிய ஜரிகை, மனதை அள்ளும் வண்ணம்." அந்தச் சேலைகளை நான் தொட்டுப் பார்த்ததே இல்லை. அப்புறம் ராசிபலன். ஆமாம் அக்கா, ராசிபலனும் நான் எழுதியிருக்கிறேன். கிரகமாவது ஒன்றாவது. பழைய பலன்களை இந்த ராசியிலிருந்து எடுத்து அந்த ராசிக்குப் போட வேண்டியதுதான். ஒரு நாள் விருச்சிகத்துக்கு, "இன்று கொடுக்கல் வாங்கலைத் தவிர்ப்பது நலம்" என்று போட்டேன். எங்கள் அப்பா விருச்சிகம். எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு மண்டிக்கே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. பலன் சரியில்லம்மா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அன்று விலை தாறுமாறாக ஏறிவிட்டதாம். "நல்லவேளை போகல, கையைச் சுட்டிருப்பேன்" என்று சாயங்காலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை எழுதியது நான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "சின்னவ வீட்லயே டைப் அடிக்கா" என்பார். டைப் அடிக்கா. எனக்கு அது மட்டும் வருத்தம். எழுதுகிறாள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, பொன்மணி. அதைத்தானே கேட்டீர்கள்.

பொன்மணி எங்கள் கோமதிதான். என் கூடப் பிறந்தவள், மூத்தவள். ஒன்றரை வயது வித்தியாசம் என்பதால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். போன தை மாதம் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பெயர் பாலகுரு. செல்போன் கடை. கதையில் டயர் கடை என்று மாற்றிவிட்டேன், ஊரையும் திண்டுக்கல் என்று ஆக்கிவிட்டேன். யாருக்கும் தெரியாது. நான் மாற்றுவதில் கெட்டிக்காரி.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள், உங்களுக்குத் தெரியாததா. ஆடி பிறக்கிற அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் போய் அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று பேச்சு. அந்த ஒரு மாசம் முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். நானும்தான் இருந்தேன். எனக்குத்தான் வேறு வேலை இல்லையே.

முதல் நாளே பார்த்தேன். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். எங்கள் கோமதி கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும். அவள் சத்தமில்லாமல் சாத்துகிறாள். ஃபேனைப் போடுவதற்கு முன்னால், "போடட்டுமா?" என்று கேட்கிறாள். அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள். கை நிறைய, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். புதுப்பெண் வளையல் போடுவதில் என்ன இருக்கிறது என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துவிட வந்தபோது, "தலைக்கு மட்டும் போதும், முதுகுக்கு நானே தேச்சுக்கிடுதேன்" என்றாள். முதுகுக்குத் தானே எப்படித் தேய்த்துக்கொள்ள முடியும்? அம்மா அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டு எழும்போது சொம்பு கை தட்டிக் கீழே விழுந்தது. அடுத்த அறையிலிருந்து கோமதி, "நான் இல்ல" என்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் அந்த இடத்திலேயே இல்லை. "நான் இல்ல, நான் இல்ல." அப்பா சிரித்தார். "ஆமா, நீ இல்லம்மா, நான்தான்" என்றார்.

நீங்கள் அந்த இடத்தில்தான் அழுதேன் என்றீர்களே. இரண்டாம் பாகத்தில், சட்டி உடைகிற இடம். அதுதான் இது.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். யாரை, கோமதியையா? எனக்குக் கேட்க வராது அக்கா. சின்ன வயசிலிருந்தே அப்படி. என்ன கேட்பது? கேட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எழுதினால் நான் அழுவேன், அதை நான் பார்த்துக்கொள்வேன். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அவளுக்காகத்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜெபராஜ் சார் முதல் பாகத்தைப் படித்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "எங்கம்மா புடிச்ச இதை? அப்படியே நேர்ல பாத்த மாதிரி இருக்கே. விடாதே, வாரம் ரெண்டு கொடு." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை விடாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

என்ன நடந்தது தெரியுமா? கோமதிக்கு அந்தச் சேனல் பழக்கம். திருமங்கலத்தில் இருக்கும்போதே கேட்பாளாம். ஒரு நாள் நான் உள்ளறையில் மூன்றாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், அடுப்படியிலிருந்து முதல் பாகம் கேட்கிறது. இழுத்து இழுத்து அதே குரல். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்து என் அறை வாசலுக்கு வந்தாள்.

"ஏட்டி உலகு, இதக் கேட்டியா? திண்டுக்கல்காரி ஒருத்தி எழுதி அனுப்பியிருக்கா."

என் பெயர் உலகம்மாள். வீட்டில் உலகு. "கதை நல்லா இருக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

"கதை இல்லட்டி. நெசமா நடந்தது." கையில் பாதி நறுக்கிய கத்தரிக்காய். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மட்டும்தான்னு நினச்சேன்" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அந்த வரியை உடனே டைப் செய்துகொண்டேன். மறந்துவிடும் என்று பயம். அடுத்த பாகத்தில் பொன்மணி தன் சிநேகிதியிடம் சொல்கிறாளே, "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்" என்று. அது கோமதி சொன்னது. அந்தப் பாகம் வந்த அன்று கோமதி அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தேன். அழுதாள். ஆனால் நல்ல அழுகை. பாரம் இறங்கின மாதிரி. என் எழுத்தினால் ஒருத்திக்குப் பாரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இது எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அதன்பிறகு அவளுக்கு அதே பேச்சுதான். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். என்னிடம் பொன்மணியைப் பற்றிப் பேசுவாள். "இந்தப் பொன்மணி ஏன் அவ அப்பாட்ட சொல்ல மாட்டேங்கா?" "சொன்னா நம்புவாரோ மாட்டாரோன்னு பயமா இருக்கும்லா." கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "அவ திரும்பிப் போகக் கூடாதுட்டி. போனா செத்துருவா" என்றாள். இன்னொரு நாள், "அவ என்ன செய்யுதான்னு பாப்போம். பாத்துட்டுச் செய்வோம்" என்றாள்.

யார் செய்வது, எதைச் செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. எனக்கு என்ன, கண் இல்லையா.

ராஜபாளையம் வந்துவிட்டது. டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம். இங்கே பத்து நிமிஷம் போடுவான்.

நான் முதலில் எழுதிய முடிவு நீங்கள் கேட்டது இல்லை அக்கா. வேறு. யாருக்கும் தெரியாது. ஆடி முடிகிறது. புருஷன் கூப்பிட வருகிறான். பொன்மணியின் பெட்டி வாசலில் இருக்கிறது. அப்பா பெட்டியைத் தூக்கப் போகிறார். பொன்மணி, "நான் போகலப்பா" என்கிறாள். அவ்வளவுதான் சொல்கிறாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கிறார். பெட்டியைத் தூக்குகிறார். தூக்கி, உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். கதை முடிந்தது.

அதை அனுப்பிவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில்.

ஜெபராஜ் சார் போனே பண்ணிவிட்டார். எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான், அன்றைக்குப் போன். "என்னம்மா இது, பெட்டிய உள்ள வைக்கறதெல்லாம் ஒரு முடிவா? நம்மள கேக்கறது யாரு? குடும்பப் பெண்கள். சேத்து வைம்மா. சேத்து வெச்சாத்தான் நாலு பேருக்கு அனுப்புவாங்க. பிரிச்சு வெச்சா யாருக்கு அனுப்புவாங்க, மாமியாருக்கா?" அவரே சிரித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு சொல்லாமக் கொள்ளாமத் தானே கிளம்பிப் போறா. ஒரு வார்த்தை பேசல. நேரா அடுப்படிக்குப் போயி சோறு வடிச்சு வெக்கிறா. அவன் வர்றான், பாக்கறான், அழுவுறான். முடிஞ்சுது. ஜனங்க கண்ணுல தண்ணி வரணும்."

நான், "சார், அவன் ஏன் அழுவான்?" என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன் அக்கா. நான் ஒன்றும் கேட்காமல் தலையாட்டவில்லை.

"அழுவான்மா. நீ எழுதினா அழுவான்" என்றார். அப்புறம், "இத நல்லபடியா முடிச்சுக் கொடு. அடுத்த தொடர்ல 'எழுத்து'ன்னு உன் பேரப் போடறேன். உலகம்மாள்னா பாட்டி பேர் மாதிரி இருக்கு, உலகான்னு போட்டுக்கலாம்" என்றார்.

இப்படி வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு முடிவு சொந்தம் கிடையாது அக்கா. இது இந்த வேலைக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். தைக்கக் கொடுத்த துணி மாதிரிதான். கழுத்து எப்படி வேண்டும் என்று கொடுத்தவர் சொல்வார். நான் மாட்டேன் என்றால் இன்னொருத்தி எழுதுவாள். அவள் இவ்வளவு நன்றாக எழுதுவாளா? சோறு வடிக்கிற இடத்திலும் அழுதேன் என்றீர்கள். கஞ்சி ஆவி முகத்தில் அடிக்க, தாலிச் சரடு நனைய அவள் நிற்கிற இடம். அதை எழுத எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆனது. எழுதும்போது அடுத்த அறையில் கோமதி அம்மாவிடம், "ஆவணி பொறந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போறேனே" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, "மாப்பிள்ள வீட்ல என்ன நினைப்பாங்க, அதெல்லாம் நல்லாருக்காது" என்றாள். என் கை நிற்கவில்லை. சில நேரம் எழுத்து அப்படி ஓடும்.

ஆடி முடிகிற வாரத்தில் கடைசிப் பாகம் வந்தது. கோமதி பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். நான் கொடியில் துணி எடுப்பது போல நின்றுகொண்டிருந்தேன். அவன் அழுகிற இடம் வந்தது. பொன்மணியின் காலடியில் உட்கார்ந்து அழுகிறானே, மாமியார் வந்து தலையைத் தடவுகிறாளே. எல்லாம் முடிந்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உலகு, இது நெசமா நடந்ததுதான?"

என்னிடம் நேராகக் கேட்டாள் அக்கா. நான் என்ன சொல்ல முடியும்? வெளியே சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். "ஆமா, அப்படித்தான போட்டிருக்காங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் போட்டிருந்தார்கள். இப்போது உங்கள் போனிலும் போட்டிருக்கிறது பாருங்கள்.

"அப்ப மாறுவாங்கதான்" என்றாள். தனக்குத்தானே சொன்ன மாதிரி.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வருவதற்குக் காத்திருக்காமல் தானே கிளம்பிவிட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, புருஷன் மேல எம்புட்டுப் பிரியம்னு" என்றாள். அப்பா பஸ் ஏற்றிவிடப் போனார். தெருமுனை வரைக்கும் நானும் போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். எடுத்துக்கொண்டேன் என்றாள்.

அப்புறம் என்ன. கதை எங்கேயோ போய்விட்டது. லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். "என் வீட்டிலும் இப்படித்தான் சரியானது", "பொன்மணி அக்கா நீங்கள் தெய்வம்" என்றெல்லாம் கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த தொடரும் எழுதினேன். அதிலும் என் பெயரைப் போடவில்லை. கேட்டேன். "உண்மைச் சம்பவம்னு மேல போட்டுட்டுக் கீழ உன் பேர எப்படிம்மா போட முடியும்? யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான். ஆனால் முதலிலேயே அவருக்கு அது தெரியாதா? எனக்கு அந்த மனக்குறை இன்றுவரை இருக்கிறது. இப்போது பொன்மணிக்கு இரண்டாவது வருஷம் என்று ஒரு தொடர் கேட்கிறார். குழந்தை பிறக்கிற மாதிரி.

கோமதியா? நன்றாக இருக்கிறேன் என்றுதான் போனில் சொல்வாள். வார்த்தை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் கடையில் என்ன வாங்கினாள், என்ன குழம்பு என்று சொல்வாள். அப்புறம் "ம்". "சரி." "வைக்கட்டுமா?" கேட்டுவிட்டு வைப்பாள். யாரும் சொல்லாமல் போனை வைக்கக்கூட மாட்டாள்.

முந்தாநாள் அவள் மாமியார் அப்பாவுக்குப் போன் பண்ணினாள். குளியலறையில் ஈரத்தரை வழுக்கிருச்சு என்றாளாம், கோமதி விழுந்துவிட்டாளாம். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அப்பா, "சோப்புத் தண்ணி கெடந்துச்சோ என்னவோ, பாத்து நடக்கச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் பாகம் ஞாபகம் இருக்கிறதா அக்கா? பொன்மணி டாக்டரிடம் சொல்வாளே, "ஈரத்தரை வழுக்கிருச்சு" என்று. நான் எழுதியது. அதே வார்த்தை. அப்பா போனை வைத்துவிட்டுச் சொல்லச் சொல்ல நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தையை நான் எங்கிருந்து எடுத்தேன், அவள் சொல்லி எடுத்தேனா, நானே எழுதினேனா, எனக்கு ஞாபகம் வரவில்லை.

மண்டியில் சரக்கு வந்து கிடக்கிறது, அப்பாவால் உடனே வர முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் நான் போகிறேன். இந்தத் தூக்கில் ரசம் இருக்கிறது.

இன்றைக்குக் காலையில், நான் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கோமதி போன் பண்ணினாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் போனிலிருந்து. சின்னக் குரல். யாருக்கோ பயந்து பேசுகிற மாதிரி.

"உலகு, நீ கம்ப்யூட்டர்லயே இருக்கேல்லா. அந்தச் சேனல்காரங்கட்ட கேட்டு அந்தப் பொன்மணி நம்பர் வாங்கித் தருவியா?"

நான் ரசத் தூக்கை மூடிக்கொண்டிருந்தேன்.

"நானும் அதே மாதிரிதான்ட்டி செஞ்சேன். ஒண்ணும் பேசாம நேரா அடுப்படிக்குப் போயிச் சோறு வடிச்சு வெச்சேன். அன்னைக்கு மட்டும் இல்ல, தெனமும் அப்படித்தான். அவ புருஷன் அழுதான்லா. இவங்க அழலட்டி. அவ வேற என்னமோ செஞ்சிருக்கா. அதச் சொல்லாம விட்டிருக்காங்க. என்ன செஞ்சான்னு அவகிட்டயே கேக்கணும்."

வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அவள் சந்தோஷப்பட்டாள் அக்கா. "மறந்துராத" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவ்வளவு அவசரம்.

புளியங்குடியில் பஸ் ஏறும்போது அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். யார் நம்பரைக் கொடுப்பது? படிக்கிற அம்மாவின் குரல் அவளுக்குத் தெரியும். என் குரலும் தெரியும். அப்போதுதான் உங்கள் மடியில் பொன்மணி பேசினாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டீர்கள். நல்ல குரல் அக்கா உங்களுக்கு. அழுத்தமான குரல்.

உங்கள் நம்பரைக் கொடுப்பீர்களா?

ஒரே ஒரு தடவைதான். அவள் போன் பண்ணினால் நீங்கள்தான் பொன்மணி என்று சொல்ல வேண்டும். என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கல்லுப்பட்டியில் கொஞ்சம் கண்ணயர்ந்தீர்களே, அப்போது எழுதினேன். படிக்கிறேன், கேளுங்கள்.

"நான் பொன்மணி பேசுறேன்மா. சேனல்ல முழுசா சொல்லல. நான் சோறு வடிச்சு வெச்சது நெசம். அவர் அழுதாருன்னு சொன்னது நெசம் இல்ல. நீ ஒண்ணும் தப்பாச் செய்யல. நான் எங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல, என் பெட்டிய வாங்கி உள்ள வெச்சாரு. நீயும் வந்துரு."

இவ்வளவுதான். நன்றாக இருக்கிறதா? கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அதோ, திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். நம்பரை மட்டும் சொல்லுங்கள் அக்கா, போட்டுக்கொள்கிறேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்தில்தானே போய் உட்காரப் போகிறாய், நீயே சொல்லலாமே என்கிறீர்கள். எனக்குப் பேச வராது அக்கா. எழுதத்தான் வரும்.

இவ்வளவு நேரம் பேசினாயே என்றா கேட்கிறீர்கள்?

நீங்கள் யாரோதானே.